குலதெய்வத்துக்குக் கிடாய், மகளுக்குச் சைவம், மனைவிக்கு ஈரல்: எதை வைத்து முடிவெடுப்பது?

திருநகர்வாசி கேட்கிறார்

வணக்கம். எங்கள் குலதெய்வக் கோயில் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இருக்கிறது. வரும் மாசி மகா சிவராத்திரிக்கு அங்கே கிடாய் வெட்டிப் பொங்கல் வைப்பதாக என் தாயார் நேர்ந்துகொண்டிருக்கிறார். சாலை விபத்தில் சிக்கிய என் தம்பி உயிர் பிழைத்ததற்கான நேர்த்திக்கடன் அது. கிடாய் என் தாய்மாமன் வீட்டில் வளர்கிறது. என் மகள் பேசத் தொடங்கும்வரை இதைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

மகள் கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிறாள். தோழியின் ஊரில் ஒரு பிராய்லர் கோழிப் பண்ணையைப் பார்த்துவிட்டு வந்தவள், கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். சிறிது காலத்தில் பாலும் தயிரும் வேண்டாம் என்றாள். "அப்பத்தா நேர்ந்துகொண்டதற்கு ஆடு ஏன் சாக வேண்டும்?" என்று அவள் கேட்டது என் தாயாரின் காதில் விழுந்ததிலிருந்து இருவருக்கும் இடையே பேச்சு இல்லை. சாமிக்குக் கொடுத்த சொல்லை மாற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்பதில் தாயார் உறுதியாக இருக்கிறார்.

இதற்கிடையில் என் மனைவிக்கு ஹீமோகுளோபின் அளவு 9 என்று பரிசோதனையில் தெரியவந்தது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, முட்டையும் வாரம் ஒருமுறை ஆட்டு ஈரலும் சாப்பிடச் சொன்னார். அவரோ செவ்வாய், வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி முழுவதும் என்று கவிச்சி தொடாத நாள்களைக் கூட்டிக்கொண்டே போகிறவர். எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அண்மையில் கேட்ட ஆன்மிகச் சொற்பொழிவு ஒன்றில், புலாலும் வெங்காயமும் பூண்டும் தாமச (மந்தத்தைத் தரும்) உணவு என்றும், அவற்றை விட்டால் நோயும் தீரும், மனமும் தெளியும், பாவமும் சேராது என்றும் ஒரே மூச்சில் சொன்னார்கள். கேட்க எளிதாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எதுவும் எளிதாக இல்லை.

உடல்நலம், பிற உயிர்களுக்கு நாம் செய்வது, வழிபாடு ஆகிய மூன்றுக்கும் உண்மையில் அப்படி ஒரே விடை இருக்கிறதா? இல்லையென்றால், ஒரே அடுப்பில் சமைக்கும் ஒரு குடும்பம் எதை முன்வைத்து முடிவெடுப்பது?

கே.கே.நகர் உணவியலர்

ஐயா, உணவியல் படித்து மருத்துவமனையில் பணிபுரிபவள் நான். தங்கள் மூன்றில் முதலாவதைப் பற்றி மட்டுமே பேச எனக்குத் தகுதி உண்டு என்பதால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தங்கள் மனைவியின் இரத்தசோகை உணவால் மட்டும் சரியாகும் கட்டத்தில் இல்லை. எழுதிக்கொடுத்த மாத்திரையை இடைவிடாமல் உட்கொள்வதே முதன்மையானது. மாதவிடாயில் மிகுதியாக இரத்தம் போகிறதா, குடற்புழு இருக்கிறதா என்று காரணத்தையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். ஈரலில் உள்ள இரும்புச்சத்து செடிகொடிகளில் உள்ளதைவிட எளிதாக உடலில் சேரும் என்பது உண்மை. ஆனால் ஈரலைத் தொட அவருக்கு மனமில்லையென்றால் வழியே இல்லை என்று பொருளல்ல. பயறு வகைகள், முருங்கைக்கீரை, எள் ஆகியவற்றை எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்தவற்றோடு சேர்த்து உண்டால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். மாறாக, சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு டம்ளர் தேநீர் குடிக்கும் நம் வழக்கம் அதைத் தடுத்துவிடும். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தேநீர், காபி வேண்டாம் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் சொல்லியிருக்கிறது. மதுரைப் பெண்கள் பலருக்கு ஈரலை வாங்குவதைவிடப் பதினொரு மணித் தேநீரைத் தள்ளிவைப்பதுதான் கடினம் என்பதையும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

மகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. புலாலை மட்டும் விட்டவருக்குப் பாலிலிருந்து வைட்டமின் பி12 ஓரளவு கிடைக்கும். பாலையும் விட்டவருக்கு அது உணவிலிருந்து நம்பத்தக்க அளவில் கிடைக்காது. கீரை, தானியம், பயறு எவ்வளவு உண்டாலும் அந்தக் குறை நிரம்பாது. ஏற்கெனவே கல்லீரலில் சேர்ந்திருக்கும் இருப்பு சில ஆண்டுகள்கூடத் தாங்கும் என்பதால், பாதிப்பு மெதுவாகவே வெளிப்படும்; கை கால் மரத்துப்போகும் வரை காத்திருக்கக் கூடாது. அவர் தம் முடிவை மாற்ற வேண்டியதில்லை. மருத்துவர் சொல்லும் அளவில் பி12 மாத்திரை எடுத்துக்கொண்டு, இடையிடையே பரிசோதித்துக்கொண்டால் போதும். கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் கைகொடுக்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கிறது. புரதம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 42 கிராம். பருப்பு, சுண்டல், நிலக்கடலை, சோயா இவற்றைக் கொண்டு அந்த அளவை எட்ட முடியும். ஆனால் ரசத்தோடும் அப்பளத்தோடும் சோற்றை முடித்துக்கொள்ளும் சைவத்தில் எட்ட முடியாது.

தங்களுக்கு வருகிறேன். 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. அவர்களில் சைவர்களும் இருக்கிறார்கள், அசைவர்களும் இருக்கிறார்கள். காலையில் இட்லி, நண்பகலில் குவித்த சோறு, இரவில் தோசை அல்லது பரோட்டா என்றால் மூன்று வேளையும் பெயர் மட்டும் மாறி மாவுச்சத்தே உள்ளே போகிறது. நாம் பெறும் ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று நான் மேலே சொன்ன வழிகாட்டுதல் கூறுகிறது. தங்கள் தட்டைப் பார்த்தாலே அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது புரியும். பேரையூர்ப் பக்கம் விளையும் குதிரைவாலி நல்லதுதான். அதையும் நெய்யில் மிதக்கும் பொங்கலாக்கி இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது சைவ ஊறுகாய்க்கும் பொருந்தும், கருவாட்டுக்கும் பொருந்தும்.

ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் கிடாய்க்கறி தங்கள் வீட்டில் யாருடைய உடல்நலத்தையும் தீர்மானிக்கப் போவதில்லை. ஆகவே அந்த விவாதத்துக்குள் மருத்துவத்தை இழுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

திருமங்கலத்தான்

அண்ணனுக்கு வணக்கம். கிடாய் வெட்டை எதிர்ப்பவர்களில் பெரும்பாலோர் அதை ஒருமுறைகூட முழுமையாகப் பார்த்திராதவர்கள். கழுத்தில் அருவாள் விழும் அந்த ஒரு நொடியைக் காணொளியில் பார்த்துவிட்டு மற்றதையெல்லாம் ஊகித்துக்கொள்கிறார்கள். உங்கள் மகள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. பண்ணைக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுத்த பிள்ளை மதிக்கத்தக்கவர்.

நேர்ந்துவிட்ட கிடாய் எப்படி வாழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வேப்பங்குழையும் அகத்திக்கீரையும் தின்று, கண்மாய்க்கரையில் மேய்ந்து, கோடையில் உதிரும் கருவேலங்காய்களைப் பொறுக்கி, வீட்டுப் பிள்ளைகளோடு ஓராண்டுக்கு மேல் வளர்கிறது. அது சாமிக்கானது என்பதால் அடிக்கக்கூடத் தயங்குவார்கள். கோயிலில் மாலை போட்டு மஞ்சள் நீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். கிடாய் உடலைச் சிலிர்த்துக் குலுக்கினால்தான் உத்தரவு கிடைத்ததாகப் பொருள். குலுக்காவிட்டால் மறுபடி தெளித்து, சாமியாடி வந்து திருநீறு போட்டு, கூட்டம் முழுவதும் மூச்சடக்கி நிற்கும். குளிர்ந்த நீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும் என்று உங்கள் மகள் சொல்லலாம், அது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும், உயிரை எடுக்கும் முன் அதனிடம் கேட்டாக வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சடங்கில் இருக்கிறது. இறைச்சிக்கடையில் அரைக்கிலோ கேட்கும்போது நம்மில் யாருக்கும் அந்த எண்ணம் வருவதில்லை.

பிறகு கறியைக் கூறு போடுவார்கள். பூசாரிக்குத் தலை என்றோ தொடை என்றோ அந்தந்தக் கோயில் முறைப்படி பங்கு; மீதியில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பங்காளிகளுக்குப் பங்கு; குடலும் இரத்தமும்கூட வீணாவதில்லை. எங்கள் பக்கத்து வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் தை மாதத்தில் பல ஊர்களிலிருந்தும் முனியாண்டி விலாஸ் உணவகக்காரர்கள் கூடி, ஆட்டுக்கறிப் பிரியாணியையே பிரசாதமாக ஊருக்கெல்லாம் வழங்குகிறார்கள். அதிகாலையில் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவர்களில் எல்லாச் சாதியினரும் இருப்பார்கள். அதைப் பக்தி இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இந்தத் தகராறு புதிதும் அல்ல. உயிர்ப்பலியைத் தடைசெய்யும் சட்டம் 1950இலேயே நம் மாநிலத்தில் வந்தது. ஆண்டுக்கணக்கில் ஏட்டில் கிடந்த அதை 2003இல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப் போனபோது, தென்மாவட்டங்களின் கிராமக் கோயில்களில் எழுந்த மனக்கசப்பைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அப்போது நாட்டுப்புறத்து மக்கள் கேட்ட கேள்வி எளிமையானது: நாளெல்லாம் கோழியைக் கொன்று விற்கும் கடைகள் திறந்திருக்கும்போது, ஆண்டுக்கு ஒருநாள் நாங்கள் எங்கள் சாமி முன் வெட்டுவது மட்டும் எப்படிக் குற்றமாகும்?

ஒன்றை மட்டும் உங்கள் தாயாரிடமும் சொல்லுங்கள். எல்லாச் சாமியும் இரத்தம் கேட்பதில்லை. பாண்டி கோயிலில் முனீஸ்வரருக்குப் படைப்பது பொங்கல். கிடாய் சமயக் கருப்பருக்கு. பல கோயில்களில் பரிவாரச் சாமிக்கு வெட்டும்போது சைவச் சாமியின் சன்னிதியில் திரை போட்டு மறைப்பார்கள். ஒரே வளாகத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ளும் பக்குவம் நம் முன்னோருக்கு இருந்தது. ஒரே வீட்டுக்குள் அது ஏன் முடியாது?

மேலூர் தமிழாசிரியர் (ஓய்வு)

தம்பி, ஒரே விடை உண்டா என்று நீங்கள் கேட்டதைத்தான் நான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அந்தச் சொற்பொழிவாளர் மூன்று கயிறுகளை ஒன்றாக முறுக்கிக் கொடுத்துவிட்டார். முதலில் அதைப் பிரிக்க வேண்டும்.

திருக்குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். புலால் மறுத்தலும் கொல்லாமையும் அறத்துப்பாலில், அதுவும் துறவறவியலில் இருக்கின்றன. உடல்நலத்துக்கான உணவைப் பேசும் மருந்து அதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது. அந்தப் பத்துக் குறள்களில் புலாலைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. முன் உண்டது செரித்ததா, பசி நன்றாக எடுத்ததா, அளவு தெரிந்ததா, ஒவ்வாதது நீங்கியதா என்பதே அங்கே பேச்சு. புலாலை விடச் சொன்னவர், நோய் வரும் என்று அச்சுறுத்தி விடச் சொல்லவில்லை. பிற உயிரின் புண் அது என்பதால் விடச் சொன்னார். இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்றால், நாளை மருத்துவர் ஈரல் சாப்பிடுங்கள் என்றவுடன் அறமும் சேர்ந்து ஆட்டம் கண்டுவிடும். உங்கள் வீட்டில் நடப்பது அதுதான்.

சொற்பொழிவில் சொன்ன தாமச உணவுக்கு மூலம் கீதையின் 17ஆம் அத்தியாயம். அங்கே வெங்காயத்தின் பெயரும் இல்லை, பூண்டின் பெயரும் இல்லை. சுவை, தன்மை, உண்டபின் விளைவு ஆகியவற்றைக் கொண்டே வகைப்படுத்துகிறார்கள். ஆறிப்போனது, சுவை கெட்டது, முந்தைய நாளில் மிஞ்சியது ஆகியவை தாமசத்தில் வருகின்றன. அந்த அளவுகோலை அப்படியே வைத்தால், நம் உழவர்கள் காலங்காலமாக உண்டு வேலைக்குப் போன பழைய சோறு தாமசமாகிவிடும்; இரண்டாம் நாள் சுண்டக்குழம்பும் தப்பாது. ஆக, எந்த மரபின் உணவு விதியும் அது யாருக்காக, எந்த வாழ்க்கைக்காக வகுக்கப்பட்டது என்று பார்த்தே பொருள் கொள்ளப்பட வேண்டும்.

இதற்கு நம் ஊர் மலைகளே சான்று. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி, அழகர்மலை என மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் சமணத் துறவியர் தங்கிய இடங்கள் இருக்கின்றன. மாங்குளத்துத் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துகள் கிறித்துவுக்கு முற்பட்டவை. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன், பணித வணிகன் அதாவது வெல்ல வணிகன், கொழு வணிகன் அதாவது ஏர்க்கொழு விற்பவன் என்று கொடையாளர்கள் குறிக்கப்படுகிறார்கள். எறும்புக்கும் தீங்கு நேரக் கூடாது என்று சூரியன் மறைந்தபின் உண்ணாமல், மண்ணுக்கடியில் விளையும் கிழங்கைத் தவிர்த்து வாழும் கடுமையான நெறி ஒருபுறம். கடைத்தெருவில் உப்பும் வெல்லமும் விற்று, கிடைத்ததில் ஒரு பங்கை அந்த நெறிக்காகக் கொடுத்த இல்லறத்தார் மறுபுறம். எல்லாரும் துறவியராக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தியதாகத் தெரியவில்லை. (அந்த மலைகளுக்கு அருகிலுள்ள ஊரில்தான் இன்று நள்ளிரவிலும் கொத்துப் பரோட்டாக் கல்லின் ஓசை கேட்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.)

ஆனால் திருமங்கலத்து நண்பர் சொல்வதையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. வேள்வி ஆயிரம் செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று உண்ணாதிருப்பது நன்று என்று வள்ளுவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். உங்கள் மகளின் கேள்வி அயலிலிருந்து வந்த நாகரிகம் அல்ல, இந்த மண்ணில் ஈராயிரம் ஆண்டாகக் கேட்கப்படுவது. அதைப் பாட்டியிடம் எடுத்துச் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு. "தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்" என்ற குறளோ இன்னும் கூர்மையானது. நான் கொல்லவில்லை, விலை கொடுத்து வாங்கினேன், அவ்வளவுதான் என்று ஒதுங்கிக்கொள்வதற்கு அது இடமே தருவதில்லை.

அந்தக் குறளின் வாசலில் நுழைந்தால் அது கறிக்கடையோடு நின்றுவிடாது. டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் இறுதிக்காலத்தைக் கழித்து 1960இல் மறைந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா வாழ்நாள் முழுவதும் இதையே வலியுறுத்தினார்: ஒரு பொருளை வாங்குகிறவன் அது எப்படி உண்டாக்கப்பட்டது என்பதற்கும் பொறுப்பாளி, சுரண்டலில் விளைந்த பொருளை மலிவு என்று வாங்கினால் அந்தச் சுரண்டலில் அவனுக்கும் பங்குண்டு. கைக்குத்தல் அரிசியை அவர் ஆதரித்ததில் சத்து பற்றிய அக்கறையும் இருந்தது, நெல் குத்திப் பிழைக்கும் பெண்களின் கூலி பற்றிய அக்கறையும் இருந்தது. அவர் கண்ணால் பார்த்தால், பாலும் அவ்வளவு தூயதல்ல. மாடு கன்று ஈன்றால்தான் பால்; ஈன்ற கன்று காளையாக இருந்து, உழவுக்கு டிராக்டர் வந்துவிட்ட ஊரில் பிறந்தால், அதற்குத் தீவனம் போட யாருக்கும் கட்டுப்படியாகாது; அது எங்கே போகிறது என்று நெய்த்தோசை உண்ணும் சைவர்கள் கேட்பதில்லை. உங்கள் மகள் பாலையும் விட்டது பிடிவாதம் என்று நினைத்தீர்களானால், அவர் உங்களைவிட ஒரு படி கூடுதலாக யோசித்திருக்கிறார் என்றுதான் சொல்வேன். பிராய்லர் கோழியின் கதை அவருக்கே தெரியும்: நாற்பது நாளுக்குள் இரண்டு கிலோ ஏற வேண்டும், குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை, கொட்டகையும் உழைப்பும் கடனும் உழவருடையவை, கிலோவுக்கு இவ்வளவு என்று கிடைக்கும் வளர்ப்புக்கூலி மட்டுமே அவருக்கு. மனிதருக்குக் கடைசிக் காப்பாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழித் தீவனத்தில் கலப்பதை 2019இல் அரசு தடைசெய்ய வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அந்தத் தொழில் எப்படி நடந்தது என்பதை ஊகிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் இதை வாங்கிவிட்டு, மாசியில் ஒரு கிடாய்க்காக வீடு இரண்டுபடுவது எனக்குப் புதிராக இருக்கிறது.

ஆன்மிகம் பற்றி ஒரு செய்தியோடு முடிக்கிறேன். வள்ளலாரைவிடப் புலாலைக் கடுமையாக மறுத்தவர் தமிழில் அரிது. கொன்று தின்பவரை அவர் புற இனத்தார் என்றே ஒதுக்கினார். ஆயினும் அவர்களுடைய பசியைத் தீர்ப்பதை மட்டும் விலக்கவில்லை. 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையில், பசித்து வந்தவரின் சாதியோ சமயமோ கேட்கப்படுவதில்லை. எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்ற பட்டியலைவிடப் பசியை முன்னால் வைத்த அந்த வரிசையைக் கவனியுங்கள். உங்கள் மனைவியின் இரத்தசோகை அந்த வரிசையில் எங்கே வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

திருநகர்வாசி

விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். எதிர்பார்த்தபடியே குளிர்ந்த நீர் பட்டால் ஆடு சிலிர்க்கும் என்றுதான் முதலில் சொன்னாள்; பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கோழியை நீங்கள் நிறுத்தத் தயாரா என்று என்னைக் கேட்டாள். பதில் சொல்ல நேரம் கேட்டிருக்கிறேன். பி12 பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டாள். தாயார் கேட்டது வேறு: கிடாய் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும், பேத்தி கோயிலுக்கு வருவாளா, மாட்டாளா?

தெற்குவாசல் சகோதரி

சகோதரரே, மேலே எழுதியவர்கள் எல்லாரும் பெரிய செய்திகளைச் சொல்லிவிட்டார்கள். யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் சமைப்பது யார்?

மகளுக்குப் பால் சேராத குழம்பு, உங்களுக்கு அரிசி குறைத்த சாப்பாடு, மாமியாருக்கு மீன், தமக்கு விரத நாளில் தனிப் பாத்திரம் என்று நான்கு வகைச் சமையலையும் ஹீமோகுளோபின் 9 உள்ள ஒரு பெண் நின்றுகொண்டே செய்கிறார் என்றால், ஆட்டுக்காகப் பேசும் அறம் அவருக்காகவும் கொஞ்சம் பேச வேண்டாமா? எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மூன்று மணிக்குச் சட்டியின் அடியில் மிஞ்சியதை உண்பவர்கள் பலர் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஈரல் சாப்பிடு என்று சொல்வதைவிட, முதலில் உட்கார்ந்து சாப்பிடு என்று சொல்வது பயன்படும். கொள்கை வைத்திருக்கும் மகள் தன் கொள்கைக்கு உரிய சமையலைக் கற்றுக்கொள்ளட்டும். சர்க்கரை உள்ள நீங்கள் காய் நறுக்கிக் கொடுங்கள். மருத்துவர் சொன்ன முட்டையை உண்பதா, அமாவாசையன்று தவிர்ப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். வீட்டில் இருக்கும் மற்றவர்கள் அதற்கு முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.

ஆன்மிகம் பற்றி என் பங்குக்கும் ஒன்று. எங்கள் மார்க்கத்தில் எது ஆகும், எது ஆகாது என்ற வரையறை தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற குர்ஆன் கட்டளையை (7:31) நாங்கள் வசதியாக மறந்துவிடுகிறோம். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றும்போது எங்கள் தெருவில் இந்துப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள், அவர்களுக்கும் ஊற்றுவார்கள். அது வரையில் நன்று. பகல் முழுவதும் பசியைப் பொறுத்துவிட்டு, மக்ரிபு எனும் அந்தித் தொழுகைக்குப் பிறகு சமோசா, வடை, பிரியாணி, நன்னாரி சர்பத் என்று இரவு வரை உண்டால், ரமலான் முடியும்போது எடை கூடியிருக்கும். ஹலால் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நோன்பு எதைக் கற்றுக்கொடுத்தது? புரட்டாசியில் கவிச்சியை விட்டுவிட்டு அதற்குப் பதிலாக எண்ணெயில் பொரித்ததையே மாதம் முழுவதும் உண்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், ஆகையால் இதை ஒரு சமயத்தாரின் குறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேத்தி கோயிலுக்கு வருவாளா என்று தாயார் கேட்டிருக்கிறாரே, அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பேச்சு நின்றுபோன வீட்டில் அது அவராக எடுத்து வைத்த அடி.

திருமங்கலத்தான்

அக்கா சொன்னது உறைத்தது. எங்கள் வீட்டிலும் கூறு போட்ட கறியைக் கழுவிச் சமைப்பது யார் என்று யோசிக்க வைத்துவிட்டார்.

அண்ணனுக்கு நடைமுறையில் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். நேர்த்திக்கடனைச் செலுத்த வெட்டுவது ஒன்றே வழியல்ல. கிடாயை உயிரோடு கோயிலுக்குக் காணிக்கையாக விட்டுவிடும் வழக்கமும் நம் பக்கத்தில் உண்டு. பல இடங்களில் அதை ஏலம் விட்டுப் பணத்தைக் கோயில் கணக்கில் சேர்ப்பார்கள். ஏலம் எடுத்தவர் அதை என்ன செய்வார் என்று உங்கள் மகள் கட்டாயம் கேட்பார், அதற்கும் விடை வைத்துக்கொள்ளுங்கள். கிடாய்க்குப் பதிலாக மணி வாங்கி வைப்பதாகவோ அன்னதானம் செய்வதாகவோ மாற்றிக்கொள்ளலாமா என்பதை உங்கள் தாயாரும் நீங்களும் தனியாக முடிவு செய்ய இயலாது. பூசாரியிடம் சொல்லி, சாமி முன் பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கேட்கும் முறை உங்கள் கோயிலிலும் இருக்கக்கூடும். அதன்படி வந்த மாற்றத்தைத் தாயாரும் தயக்கமின்றி ஏற்பார். சாமி வெட்டத்தான் சொல்கிறது என்றால், மகள் பொங்கல் வைக்கும் இடத்தில் நிற்கட்டும், வெட்டும் இடத்துக்கு வர வேண்டியதில்லை. இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதில்லை. பால் சேர்க்காமல் வெல்லப் பொங்கல் வைத்தாலும் பொங்கல் பொங்கல்தான். முதல் படையலை அவர் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள்.

எதைச் செய்வதானாலும் சிவராத்திரிக்கு முந்தைய இரவில் பேச்சை எடுக்காதீர்கள். பங்காளிகள் அழைப்புக்கு முன்பே, தை மாதத்துக்குள், தாய்மாமனையும் உட்காரவைத்துக்கொண்டு பேசிவிடுங்கள். கிடாயை இத்தனை நாள் வளர்த்தவர் அவர். அதை வெட்டுவதா விடுவதா என்பதில் அவருக்கும் ஒரு சொல் இருக்கும்.